முரண்பாடும் தொனிப்பொருளும்: இனவாதம் பற்றிய வரலாற்றுக் கதையை எப்படி வாசிப்பது?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்கிறேன். தரம் பத்தில் படிக்கும் உங்கள் தங்கச்சிக்கு, 1930களின் அமெரிக்கத் தெற்கில் வாழ்ந்த ஒரு கறுப்பின விவசாயக் குடும்பத்தைப் பற்றிய வரலாற்று நாவல் ஒன்று பாடமாக இருக்கிறது. அதன் முரண்பாடு என்ன, தொனிப்பொருள் என்ன என்று கேட்டிருந்தார்கள். இரண்டுக்கும் "இனவாதம்" என்று எழுதினாள். இரண்டுக்கும் புள்ளி கிடைக்கவில்லை. "கதை முழுக்க இனவாதம்தானே, பிறகு எப்படி அது பிழையாகும்?" என்று கேட்கிறீர்கள்.

நியாயமான கேள்வி. வெள்ளவத்தையில் கிட்டத்தட்ட முப்பது வருடமாக இலக்கியம் படிப்பிக்கிறேன். இதே விடை எழுதிய கொப்பிகளை ஒவ்வொரு வருடமும் திருத்துகிறேன். பிள்ளைகள் கதையைப் புரிந்துகொள்ளாமல் அப்படி எழுதுவதில்லை. கதை அவர்களைச் சுட்டுவிடுகிறது. சுட்ட இடத்தைக் காட்டுகிறார்கள். எது சுட்டது, எப்படிச் சுட்டது என்று சொல்லத்தான் பழக்க வேண்டியிருக்கிறது.

"இனவாதம்" என்பது கதை எதைப் பற்றியது என்ற கேள்விக்கு விடை. ஒரு கதை கடலைப் பற்றியது என்று சொன்னால், வள்ளத்தில் போனவர் ஏன் அந்தக் காற்றிலும் போனார், கரை திரும்பினாரா என்று எதுவும் தெரியவராது. முரண்பாடு என்பது யாருக்கு என்ன வேண்டியிருந்தது, எது குறுக்கே நின்றது என்பது. தொனிப்பொருள் என்பது அந்த இழுபறியில் கிடைத்ததையும் இழந்ததையும் பார்த்து முடித்த பிறகு நம் காதுக்குள் மிஞ்சி நிற்பது. தொனி என்ற சொல்லே அதைத்தான் சொல்கிறது. மணியை அடித்து நிறுத்திய பிறகும் கேட்டுக்கொண்டிருக்கும் ஓசை அது.

இந்தப் பாடத்தை நான் தொல்காப்பியத்திலிருந்துதான் தொடங்குவேன். அமெரிக்க நாவலுக்குத் தொல்காப்பியமா என்று பிள்ளைகள் முதலில் முழிப்பார்கள். ஆனால் வரலாற்றுக் கதையை வாசிக்க அதைவிட நல்ல சாவி எனக்குக் கிடைக்கவில்லை. முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று அகத்திணையியல் மூன்றாகப் பிரிக்கிறது. முதற்பொருள் நிலமும் பொழுதும். கருப்பொருள் அந்த நிலத்துக்குச் சொந்தமான உணவு, மரம், பறவை, பறை, தொழில் போன்றவை. உரிப்பொருள் அந்த இடத்தில், அந்த நேரத்தில் மனிதருக்கு நேர்வது. (தொனிப்பொருளைப் பல பாடசாலைகளில் "கருப்பொருள்" என்றும் சொல்கிறார்கள். அதனால் குழப்பம் வருகிறது. பழைய கணக்கில் பார்த்தால் தொனிப்பொருள் உரிப்பொருளுக்குத்தான் பக்கத்தில் நிற்கிறது.)

முல்லையை எடுங்கள். நிலம் காடு. பொழுது கார்காலமும் மாலையும். கார்காலம் தொடங்கும்போது வந்துவிடுவேன் என்று தலைவியிடம் சொல்லிப் போனவன் வரவில்லை, மழை வந்துவிட்டது. அவளை வருத்துவதற்கு அங்கே ஒரு கெட்டவன் தேவைப்படவில்லை. பொழுதே போதும். வரலாற்றுக் கதையிலும் பொழுது இந்த வேலையைச் செய்கிறது. 1933 என்றோ 1958 என்றோ எழுதியிருப்பது திரைச்சீலையில் வரைந்த படம் போன்றதில்லை. அந்த ஆண்டில் எந்தச் சட்டம் இருந்தது, யார் எந்தக் கதவால் உள்ளே போகலாம், யாருடைய பெயர் எந்த இடாப்பில் இருந்தது என்பவைதான் பாத்திரத்தின் குறுக்கே வந்து நிற்கின்றன.

சரி, ஒரு கதையை வைத்துப் பார்ப்போம். வகுப்புக்காக நானே உண்டாக்கியது.

1962. வெள்ளவத்தையில் ஒரு தமிழ்க் குடும்பம். அப்பா கோட்டையில் ஓர் அரச அலுவலகத்தில் எழுதுவினைஞர். காலையில் கடலோர ரயிலில் போய் மாலையில் திரும்புகிறவர். ஆங்கிலத்தில் அழகாகக் கடிதம் எழுதுவார். அவர் வேலைக்குச் சேர்ந்தபோது அதுதான் தேவைப்பட்டது. 1956இல் சிங்களம் மட்டும் அரச மொழியாகிவிட்டது. இப்போது சிங்களப் பரீட்சையில் சித்தியடைந்தால்தான் வருடாந்தச் சம்பள உயர்வு என்கிறார்கள். அவருக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. பதினொரு வயது மகனுக்குத் தெரியும். ஒழுங்கையில் சிங்களப் பிள்ளைகளோடு கிரிக்கெட் விளையாடுகிறவன், பஸ்ஸின் பெயர்ப் பலகையை ஓடிக்கொண்டே வாசிப்பான். அம்மாவிடம் கடைக் கொப்பி இருக்கிறது. மாத முடிவில் அதில் எவ்வளவு நிற்கிறது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

இங்கே முரண்பாடு என்ன? "தமிழருக்கும் சிங்களவருக்கும் இடையிலான முரண்பாடு" என்று பாதிப் பிள்ளைகள் எழுதுவார்கள். ஆனால் இந்தக் கதையில் இதுவரை ஒரு சிங்களவர்கூட அந்த அப்பாவை ஏசவில்லை. குறுக்கே நிற்பது ஒரு சுற்றறிக்கை. அதை அனுப்பியவரின் முகத்தை அப்பா பார்த்ததே இல்லை. இது முதல் முரண்பாடு, மனிதருக்கும் அரசுக்கும் இடையிலானது. இரண்டாவது அவருக்கு உள்ளேயே இருக்கிறது: மானம் ஒரு பக்கம் இழுக்கிறது, அரிசி மறுபக்கம். மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது. அப்பாவுக்கு மகன் ஆசிரியராக வேண்டியிருக்கிறது. விளக்கடியில் உட்கார்ந்து "அயன்ன, ஆயன்ன" என்று மகன் சொல்ல அப்பா திருப்பிச் சொல்ல வேண்டும். எங்கோ கையெழுத்தான சட்டம் இந்த வீட்டின் மேசைக்கு வந்து, யார் பெரியவர் என்ற வரிசையைக் குலைக்கிறது. இனவாதம் பற்றிய நல்ல வரலாற்றுக் கதைகள் எல்லாம் இந்தப் பயணத்தைக் காட்டுகின்றன. வெளியே தொடங்கியது எந்த வழியாக வீட்டுக்குள் வந்தது என்று தேடச் சொல்லுங்கள்.

இனி முடிவுக்கு வருவோம். மூன்று விதமாக முடிக்கலாம்.

முதலாவது: அப்பா இரவிரவாகப் படித்துச் சித்தியடைகிறார். சம்பள உயர்வும் வருகிறது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. பல நாள் கழித்து, நான்காக மடித்து லாச்சிக்குள் வைத்த பெறுபேற்றுக் கடிதத்தை மகன் காண்கிறான். இந்தக் கதையின் தொனிப்பொருள் இப்படி வரும்: ஒருவரைப் பணிய வைத்துக் கற்பித்த மொழி, அவர் அதை நன்றாகக் கற்ற பிறகும் அவருக்குச் சொந்தமாவதில்லை.

இரண்டாவது: அப்பா பரீட்சைக்குப் போக மறுக்கிறார். சம்பளம் அப்படியே நிற்கிறது, கடைக் கொப்பியில் கடன் ஏறுகிறது. பதினாறு வயதில் மகன் படிப்பை விட்டுப் புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடைக்கு வேலைக்குப் போகிறான். இப்போது கேட்பது வேறு ஓசை: அநீதிக்கு முன் நிமிர்ந்து நிற்பதற்கு ஒரு விலை இருக்கிறது, பல வேளைகளில் அதை நிமிர்ந்தவர் அல்லாத இன்னொருவர் கட்டுகிறார்.

மூன்றாவது: ஒழுங்கையின் எதிர் வீட்டுச் சிங்களத் தாத்தா, மகனின் கிரிக்கெட் தோழனுடைய தாத்தா, பின்னேரங்களில் விறாந்தையில் உட்கார்ந்து அப்பாவுக்குச் சிங்களம் சொல்லிக் கொடுக்கிறார். பதிலுக்கு அப்பா அவருக்கு ஆங்கிலக் கடிதங்கள் எழுதிக் கொடுக்கிறார். பரீட்சை அவர்களுக்குச் சாட்டாகி விடுகிறது. இங்கே தொனிப்பொருள்: அயலவர் அன்பாகக் கொடுத்திருக்கக்கூடிய ஒன்றை அரசு தண்டனையாக்கிவிட்டது.

மூன்று கதையிலும் பொருள் இனவாதம். மூன்றிலும் தொடக்க முரண்பாடு ஒன்றுதான். தொனிப்பொருள் மூன்று. "இனவாதம்" என்ற ஒற்றைச் சொல்லுக்கு ஏன் புள்ளி போடவில்லை என்பது இப்போது தங்கச்சிக்குத் தெரியும். அந்தச் சொல் மூன்று கதைக்கும் பொருந்துகிறது, அதனால் எந்தக் கதையையும் அது சொல்லவில்லை.

இதை நான் காற்றிலிருந்து பிடிக்கவில்லை. கோடீஸ்வரன் என்ற அரச ஊழியர் சிங்களப் பரீட்சைக்குத் தோற்ற மறுத்தார். 1962இல் அவருடைய சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது. அவர் வழக்குப் போட்டார். 1964இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1967இல் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது, அரச ஊழியர் சம்பளத்துக்காக முடியின் மேல், அதாவது அரசின் மேல், வழக்குப் போட முடியாது என்றது. 1969இல், அப்போது எங்களுக்குக் கடைசி மேன்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் "முடியும்" என்று சொல்லி, மொழிச் சட்டம் அரசியலமைப்புக்குப் பொருந்துமா என்ற மூலக் கேள்வியை இலங்கைக்கே திருப்பி அனுப்பியது. அந்தக் கேள்விக்கு விடை வரவே இல்லை. 1972இல் புதிய அரசியலமைப்பு வந்துவிட்டது. ஒரு வருடச் சம்பள உயர்வு, சில ரூபாய்கள், அதற்குள் ஒரு நாட்டின் கேள்வி. இதில் ஒரு கல்கூட எறியப்படவில்லை. இருந்தும் இதைவிடக் கனமான முரண்பாட்டை என்னால் வகுப்பில் காட்ட முடிவதில்லை.

இப்போது தங்கச்சியின் நாவலுக்குப் போவோம். அங்கேயும் முதற்பொருளிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். 1896இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், லூசியானாவின் ரயில் பெட்டிகள் பற்றிய வழக்கில், வெள்ளையரையும் கறுப்பினத்தவரையும் பிரித்து வைப்பது சட்டப்படி சரி, இரண்டும் சமமாக இருந்தால் போதும் என்று தீர்ப்புச் சொன்னது. பாடசாலைகளில் அந்தப் பிரிவினை சட்டத்துக்கு முரணானது என்று அதே நீதிமன்றம் சொல்ல 1954 ஆனது. அந்த நாவலின் பிள்ளைகள் இந்த இரண்டு ஆண்டுகளுக்கு நடுவில் பிறந்து பாடசாலைக்குப் போகிறவர்கள். சமம் என்று காகிதத்தில் இருந்தது. நடப்பில், வெள்ளைப் பாடசாலைகளில் பாவித்துக் கழித்த பழைய புத்தகங்கள் கறுப்பினப் பாடசாலைகளுக்கு வருவது சாதாரணம். அட்டை கிழிந்த ஒரு புத்தகம் கதையில் வந்தால் அதை வறுமை என்று கடந்துவிடக் கூடாது. அது கருப்பொருள், அந்தக் காலத்தின் சட்டம் ஒரு பிள்ளையின் கைக்கு எந்த உருவத்தில் வந்து சேர்ந்தது என்று காட்டுகிறது.

நிலமும் அப்படித்தான். அடிமைமுறை 1865இல் ஒழிந்தது, நிலத்தின் பெரும்பகுதி மட்டும் கைமாறவில்லை. வாரத்துக்குப் பயிரிட்ட குடும்பங்கள் விதையையும் சாமானையும் நில உரிமையாளரிடமோ கடைக்காரரிடமோ கடனாக வாங்கி, அறுவடையில் பங்கைக் கொடுத்தார்கள். கணக்குக் கொப்பி அந்த உரிமையாளர், கடைக்காரர் கையில். பருத்தியை நிறுத்து விலை சொல்பவர்களும் அவர்களே. வருட முடிவில் இன்னும் கடன் நிற்கிறது என்றால், அதை மறுத்துப் பேசும் கறுப்பின விவசாயிக்குப் பொலிஸும் நீதிமன்றமும் துணை இல்லை. வாக்குப் போட்டுச் சட்டத்தை மாற்றலாமே என்றால், 1870இல் அரசியலமைப்பு கொடுத்த வாக்குரிமையை மிசிசிப்பி 1890இல் தலைவரியாலும் எழுத்தறிவுச் சோதனையாலும் தட்டிப் பறித்தது. இவ்வளவும் தெரிந்த பிறகு, "அப்பா ஏன் அந்தக் கடையை விட்டுவிட்டுத் தூரத்துக் கடைக்குப் போகிறார்?" என்பது போன்ற சின்னக் காட்சிகூட எழுந்து நிற்கும். வேறு கடைக்குப் போவது ஒரு போராட்டமாக இருந்த காலம் அது.

ஒரு எச்சரிக்கை. இலங்கையில் வளர்ந்த பிள்ளைகள் அந்த நாவலை வாசிக்கும்போது உடனே 83 ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தை நினைப்பார்கள். நினைக்கட்டும், அந்த நினைவு கதைக்குள் போகும் வாசல். ஆனால் விடையில் இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. இனவாதம் ஆளை எதைக் கொண்டு அடையாளம் காண்கிறதோ, முரண்பாட்டின் உருவமும் அதைப் பொறுத்தே அமையும். அமெரிக்கத் தெற்கில் அடையாளம் தோலில் இருந்தது. பெரும்பாலானோரால் மறைக்க முடியாது. அதனால் அந்தக் கதைகளின் முரண்பாடு எங்கே உட்காரலாம், எந்தக் குழாயில் தண்ணீர் குடிக்கலாம், தெருவில் யாருக்கு வழிவிட வேண்டும் என்று இடத்தைச் சுற்றியே வருகிறது. கொழும்பில் தோலைப் பார்த்து ஆளைச் சொல்ல முடியாது. அதனால் பொட்டைத் தேடினார்கள், பெயரைக் கேட்டார்கள், வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக வந்தார்கள். வாளிக்கான சிங்களச் சொல்லைச் சொல்ல வைத்து நாக்கைச் சோதித்தார்கள். "பால்திய" என்று ஒலிக்க வேண்டியது தமிழ் வாயில் "வால்திய" என்று வரும். எங்கள் கதைகளில் முரண்பாடு பேச்சிலும் மௌனத்திலும் குடியிருக்கிறது.

1983 ஜூலை 25, திங்கட்கிழமை. எனக்குப் பத்து வயது. முந்தைய இரவு பொரளையில் தொடங்கிய நெருப்பு காலி வீதிக்கு வந்துவிட்டது. பின் வீட்டுச் சிங்கள அன்ரி எங்களைத் தன் சாமான் அறைக்குள் வைத்துப் பூட்டினார். அம்மாவுக்குச் சிங்களம் வராது, ஒரு சத்தமும் வரக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். விளக்கு வைக்கும் நேரம் அம்மா ஒவ்வொரு நாளும் தேவாரம் பாடுவார். அன்றைக்கும் கையைக் கூப்பி உட்கார்ந்தார். உதடு அசைந்தது, சத்தம் இல்லை. நான் பக்கத்தில் இருந்து அந்த உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன், எந்த வரிக்கு வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. இனவாதத்தின் முரண்பாடு என்ன என்று யாராவது கேட்டால் எரிந்த வீடுகளுக்கு முன் எனக்கு ஞாபகம் வருவது அந்த உதடுதான்.

அந்த அன்ரியைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்த வகைக் கதைகளில் நல்ல அயலவர் ஒருவர் அநேகமாக வருவார். அமெரிக்கக் கதை என்றால் நல்ல வெள்ளையர். உண்மையில் அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள், நான் உயிரோடு இருப்பதே ஒருவரால்தான். ஆனால் அவர் வந்தவுடன் "எல்லா இனத்திலும் நல்லவர்கள் உண்டு" என்பதைத் தொனிப்பொருளாக எழுதி முடித்துவிடுகிறார்கள். அது உண்மைதான், ஆனால் கதை கேட்ட கேள்விக்கு விடை அதுவாக இருப்பது அபூர்வம். கதவைப் பூட்டியபோது அன்ரியின் கை நடுங்கியது. மறுநாள் அவருடைய சொந்தச் சகோதரரே அவரைத் திட்டிவிட்டுப் போனார். நல்லவராக இருப்பதற்கு ஒருவர் உயிரைப் பணயம் வைக்க வேண்டியிருந்த காலம் எப்படிப்பட்ட காலம் என்று கேட்டால் தொனிப்பொருளின் பக்கத்துக்கு வந்துவிடுவோம்.

கெட்டவர் விஷயமும் அதே. வெறுப்பு நிறைந்த ஒருவரை மட்டும் முரண்பாட்டின் மறுபக்கத்தில் நிறுத்தினால், அவர் தோற்றதும் பிரச்சினை தீர்ந்த மாதிரி ஆகிவிடும். இடாப்பை எழுதியவர், அதைக் கொடுத்தவர், கொடுத்ததைப் பார்த்துக்கொண்டு இருந்தவர் எல்லாரும் அவரவர் வீட்டில் நல்ல தகப்பனாக இருந்திருக்கலாம்.

இன்னொன்றையும் தமிழ் வாசகர்களாகிய நாங்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். பாதிக்கப்பட்டவரின் பக்கத்திலேயே எப்போதும் உட்கார்ந்து வாசிப்பது எங்களுக்குப் பழகிவிட்டது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியபோது, தமிழ்த் தலைமையே இரண்டாகப் பிரிந்து நின்றது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் எல்லாரையும் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். தமிழே பேசிய மக்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு முஸ்லிம் வீட்டின் எதிரே தன் கதவைச் சாத்திக்கொண்ட தமிழ்க் குடும்பம் ஒன்றைப் பற்றி வரலாற்றுக் கதை எழுதினால், முரண்பாடு எங்கே இருக்கும்? இதை வகுப்பில் கேட்டால் சிறிது நேரம் யாரும் பேச மாட்டார்கள். அப்புறம் வரும் விடைகள்தான் அந்த வருடத்தின் நல்ல விடைகள்.

காலம் பற்றி ஒரு சின்ன விஷயம். பாத்திரங்களுக்குத் தெரியாத ஒன்று வாசகருக்குத் தெரியும். 1958 கலவரத்தில் கப்பலில் யாழ்ப்பாணம் போன குடும்பம், நிலைமை சரியானதும் கொழும்புக்குத் திரும்பி வந்து சுவருக்கு வெள்ளை அடிக்கும். அவர்களுக்கு அது முடிந்துபோன விஷயம். எங்களுக்கு 77உம் 83உம் தெரியும். கதை சொல்லாமலே அந்த வெள்ளைச் சுவர் எங்களை வதைக்கிறது. தங்கச்சியின் நாவலிலும், 1954 வரும் என்று தெரியாமல் ஒரு பிள்ளை கிழிந்த புத்தகத்தைத் தள்ளிவிடுமானால், அந்தத் துணிச்சலின் எடை எங்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். கதை எந்தக் காலத்தில் நடக்கிறது, எந்தக் காலத்தில் எழுதப்பட்டது என்று இரண்டு ஆண்டையும் கொப்பியின் ஓரத்தில் குறிக்கச் சொல்லுங்கள்.

விடை எழுதும்போது முரண்பாட்டை "விரும்புகிறார், ஆனால்" என்று தொடங்கி எழுதினால் பிழைக்காது. "தன் நிலத்தைப் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்ல அப்பா விரும்புகிறார், ஆனால் கடனும் கணக்கும் சட்டமும் வெள்ளையர் கையில் இருக்கின்றன" என்பது போல. தொனிப்பொருள் ஒரு சொல்லாக இருக்கக் கூடாது, வினைமுற்றோடு முடிகிற வசனமாக இருக்க வேண்டும். அந்த வசனத்தை வேறு எந்த நாவலுக்கும் அப்படியே தூக்கிப் போட முடிந்தால் இன்னும் வேலை இருக்கிறது. "இனவாதம் கொடியது" என்பதை எதற்கும் போடலாம்.

எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாவிட்டால், நாவலில் திரும்பத் திரும்ப வரும் ஒரு பொருளைத் தங்கச்சி தேர்ந்தெடுக்கட்டும். புத்தகம், மேலங்கி, வண்டி, மரம், எதுவும் சரி. அது முதல் முறை வரும் பக்கத்தையும் கடைசி முறை வரும் பக்கத்தையும் அருகருகே வைத்து வாசிக்கட்டும். முதலில் அது யார் கையில் இருந்தது, கடைசியில் யார் கையில், நடுவில் யார் என்ன கொடுத்தார்கள் என்று மூன்று வசனம் எழுதட்டும். எழுதியதை இங்கே போடுங்கள் தம்பி, நான் பார்த்துச் சொல்கிறேன்.